எல்லாத்தையும் 'லோ'ல வைத்தால் போதுமா? மலிவு மிஷின்களின் எஃப்பிஎஸ் வரலாறு

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. இந்தத் தோல் தொழில் ஊர்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் டேனரி, பாலாறு, பிரியாணி என்று மூன்றோடு முடித்துக்கொள்வார்கள். நான் கொஞ்ச நாளாக வேறு ஒன்றைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கடந்த 20, 25 வருஷத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த மிஷினில் கேம் விளையாடினார்கள்? அதை ஓட வைக்க எந்தெந்த செட்டிங்ஸை மாற்றினார்கள்?

பட்டியல் சின்னதுதான். முதலில் பிரௌசிங் சென்டர் கம்ப்யூட்டர். அடுத்து 2011இல் வந்த அரசின் விலையில்லா லேப்டாப். கடைசியாக 2018இலிருந்து ஆண்ட்ராய்டு போன். மூன்றுமே கேமுக்காக வாங்கியவை கிடையாது. மூன்றிலும் விளையாடியவர்களுக்குக் கிடைத்த அறிவுரை மட்டும் ஒன்றே ஒன்றுதான்: "எல்லாத்தையும் லோல வை."

சில நேரம் அது வேலை செய்தது. பல நேரம் படம் அசிங்கமானதுதான் மிச்சம், கேம் அதே மாதிரி திக்கித் திக்கித்தான் ஓடியது. காரணம் என்னவென்றால், இந்த மூன்று மிஷின்களும் மூன்று வெவ்வேறு இடத்தில் மூச்சு வாங்கின. எந்த இடம் என்று தெரியாமல் செட்டிங்ஸில் கை வைத்துப் பயனில்லை. அந்த மூன்று இடங்களைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஒரு ஃப்ரேம், ஒரு ஜோடி ஷூ

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க ஷூ கம்பெனியைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஷூ லைனில் கட்டிங் உண்டு, ஸ்டிச்சிங் உண்டு, அச்சுக் கட்டையில் ஏற்றி இழுக்கும் லாஸ்டிங் உண்டு, சோல் ஒட்டுவது, ஃபினிஷிங், பேக்கிங் உண்டு. எல்லா மேசையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒரு ஜோடி லாஸ்டிங்கில் இருக்கும்போதே அடுத்த ஜோடி ஸ்டிச்சிங்கில் இருக்கும். அப்போது ஒரு மணி நேரத்தில் எத்தனை ஜோடி வெளியே வரும் என்பதை எது தீர்மானிக்கும்? லைனிலேயே மெதுவான மேசை. ஸ்டிச்சிங்தான் தாமதம் என்றால் ஃபினிஷிங்கில் பாலிஷை விட்டுவிட்டாலும் ஒரு ஜோடிகூட அதிகமாக வராது. இது எந்த லைன் சூப்பர்வைசருக்கும் தெரியும்.

கேமிலும் இப்படித்தான். முதல் மேசை சிபியு. எதிரி எங்கே போகிறான், கார் எந்தப் பக்கம் திரும்புகிறது, இந்த ஃப்ரேமில் என்னென்ன பொருளை வரையணும் என்று கணக்குப் போட்டு அனுப்பும். அடுத்து, பொருள்களின் மூலைப்புள்ளிகளைத் திரையில் சரியான இடத்துக்குக் கொண்டுவரும் வேலை. அந்தப் புள்ளிகளுக்கு வெர்டெக்ஸ் என்று பெயர். அப்புறம் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம், வெளிச்சம், நிழல் கணக்கு. கடைசியில் எல்லாம் மெமரியில் எழுதப்பட்டு மானிட்டருக்குப் போகும்.

சின்னக் கணக்கு ஒன்று. சிபியு ஒரு ஃப்ரேமுக்கு 25 மில்லிசெகண்ட் எடுக்கிறது, கிராஃபிக்ஸ் சிப் 20 மில்லிசெகண்ட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதால் கூட்டிப் பார்க்கக்கூடாது. பெரியதுதான் கணக்கு: 25 மில்லிசெகண்டுக்கு ஒரு ஃப்ரேம், நொடிக்கு 40. இப்போது நீங்கள் நிழலை அணைத்து, டெக்ஸ்சரைக் குறைத்து, கிராஃபிக்ஸ் வேலையை 10 மில்லிசெகண்டாக்கிவிட்டீர்கள். எஃப்பிஎஸ் எவ்வளவு? அதே 40தான். படம் கெட்டது மட்டும்தான் லாபம்.

அதனால் செட்டிங்ஸ் மெனுவை ஒரு ஆர்டர் ஷீட்டாகப் பார்க்கலாம். ரெசல்யூஷனைக் குறைத்தால் பிக்சல் மேசைக்கும் மெமரிக்கும் வேலை குறையும். டிரா டிஸ்டன்ஸைக் குறைத்தால் சிபியுவுக்கும் வெர்டெக்ஸ் மேசைக்கும் குறையும். நிழல் என்பது வெளிச்சம் வரும் இடத்தில் நின்று காட்சியை இன்னொரு முறை வரைந்து பார்ப்பது. அது ஏறத்தாழ எல்லா மேசைக்கும் வேலை வைக்கும். டெக்ஸ்சர் தரம் பெரும்பாலும் மெமரி சமாச்சாரம். இடம் இருந்தால் ஹையில் வைத்தாலும் பெரிதாக ஒன்றும் குறையாது. இடம் போதாவிட்டால் கேம் நின்று நின்று போகும்.

முதல் பேரம்: டூம், 1993

படத்தின் தரத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கும் பழக்கத்தைப் பிசி உலகத்துக்குப் பரவலாகக் கற்றுக்கொடுத்தது டூம். 1993 டிசம்பர் 10இல் வெளியானது. அதில் இரண்டே பெரிய செட்டிங்ஸ். ஒன்று, காட்சி தெரியும் சதுரத்தைச் சின்னதாக்கலாம். சுற்றிலும் சட்டம் மாதிரி வெற்று டிசைன் வந்துவிடும். இன்னொன்று, 'டீட்டெய்ல்' ஹை, லோ. லோ வைத்தால் பக்கவாட்டில் இரண்டு பிக்சலுக்கு ஒரே நிறம் பூசப்படும், அதாவது பாதி வேலை.

டூம் நொடிக்கு 35 ஃப்ரேமுக்கு மேல் போகாது. அந்தக் காலத்து விஜிஏ திரை நொடிக்கு 70 முறை புதுப்பிக்கும். அதில் சரி பாதி. 486 பிசி வைத்திருந்த பலருக்கு அந்த 35ஐத் தொடுவதே கஷ்டம். அன்றைக்கு எல்லா வேலையையும் சிபியு ஒன்றே செய்தது. ஒரே மேசை, ஒரே ஆள். அதனால் 'எல்லாத்தையும் லோல வை' என்பது டூம் காலத்தில் சரியான அறிவுரை!

1996இல் க்வேக் வந்தது. அதே வருஷம் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தது. 1997இல் க்வேக்கின் ஓப்பன்ஜிஎல் பதிப்பு அந்தக் கார்டில் ஓடியபோது பிக்சல் வேலை சிபியு கையை விட்டுப் போனது. அங்கேதான் ஒரு மேசை பல மேசையானது. அறிவுரை மட்டும் பழைய அறிவுரையாகவே தங்கிவிட்டது.

பிரௌசிங் சென்டர்: மெமரிதான் கழுத்து

2000களின் முதல் பாதிக்கு வருவோம். எங்கள் ஊர்களில் மெயில் பார்க்க, ரிசல்ட் பார்க்க, அப்ளிகேஷன் போட என்று திறந்த பிரௌசிங் சென்டர்கள், சாயங்காலம் ஆனால் கேம் சென்டராகிவிடும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக், ஐஜிஐ, ஜிடிஏ வைஸ் சிட்டி. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து "டேய் பின்னாடி பாரு டா" என்று சத்தம் வரும்.

அந்த மிஷின்களில் அதிகம் கண்ணில் பட்டது இன்டெல் 845, 865 வரிசை போர்டுகள். கிராஃபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது. போர்டிலேயே இருக்கும் சிப்பின் பெயர் 'இன்டெல் எக்ஸ்ட்ரீம் கிராஃபிக்ஸ்'. பெயரைத் தவிர அதில் எக்ஸ்ட்ரீம் ஒன்றும் இல்லை. 845ஜிஎல், 845ஜிவி மாதிரி மலிவு போர்டுகளில் கார்டு போடுவதற்கான ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது. பின்னால் காசு வந்தாலும் கார்டு வாங்கிச் சொருக முடியாது.

இந்த சிப்புக்கு இரண்டு பெரிய குறை. முதலாவது, சொந்த மெமரி இல்லை. சிபியு பயன்படுத்தும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளணும். டிடிஆர் 266 ரேமின் அதிகபட்ச வேகம் ஏட்டுக் கணக்கில் நொடிக்கு 2.1 ஜிபி. அதில் மானிட்டருக்குப் படத்தை அனுப்பிக்கொண்டே இருப்பதும் அடக்கம். 1024×768, 32 பிட் நிறம், 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் அதற்கே நொடிக்கு 236 எம்பி போய்விடும். கேம் இன்னும் ஒரு பிக்சல்கூட வரையவில்லை!

வரைய ஆரம்பித்தால்? தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு பிக்சலைத் தீட்டும்போது ஆழக் கணக்கைப் படிக்க 4 பைட், எழுத 4 பைட், நிறத்துக்கு 4, டெக்ஸ்சருக்கு 4 என்று மொத்தம் 16 பைட் வைத்துக்கொள்வோம். சுவருக்கு முன்னால் கார், காருக்கு முன்னால் ஆள் என்று ஒரே இடத்தைச் சராசரியாக 3 தடவை தீட்ட வேண்டிவரும். 1024×768இல் நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஏறக்குறைய 1.1 ஜிபி. இதையே 640×480, 16 பிட் என்று மாற்றினால் பிக்சலும் குறைகிறது, ஒவ்வொரு பிக்சலின் எடையும் பாதியாகிறது. 220 எம்பி போதும். ஐந்தில் ஒரு பங்கு! சிப்பும் டிரைவரும் சில தந்திரங்களால் முதல் எண்ணைக் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் விகிதம் பெரிதாக மாறாது.

வைஸ் சிட்டியின் டிஸ்ப்ளே மெனுவில் '640×480×16' என்று மூன்று எண் போட்டு ஒரு வரி வரும், நினைவிருக்கிறதா? அந்தக் கடைசி 16தான் இந்த மிஷின்களைக் காப்பாற்றிய எண். வானத்தில் நிறம் பட்டை பட்டையாகத் தெரியும். ஆனால் ஓடும்.

இரண்டாவது குறை, வெர்டெக்ஸ் வேலை செய்யும் பகுதி இந்த சிப்பில் கிடையாது. ஹார்டுவேர் டி அண்ட் எல் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்களே, அதுதான். அந்த வேலை மறுபடியும் சிபியு தலையில் விழும். வைஸ் சிட்டியில் டிரா டிஸ்டன்ஸ் என்று ஒரு ஸ்லைடர் உண்டு. அதை இடது பக்கம் இழுத்தால் தூரத்துக் கட்டடங்கள் கடைசி நேரத்தில்தான் முளைக்கும், ஆனால் சிபியுவுக்குப் பாரம் குறையும். ஆக, இங்கே தொட வேண்டியவை இரண்டே இரண்டு: மெமரிக்காக ரெசல்யூஷனும் நிற ஆழமும், சிபியுவுக்காக டிரா டிஸ்டன்ஸும்.

865 போர்டு வைத்திருந்த கடைகளில் இன்னொரு விஷயம் உண்டு. அதில் ரேமுக்கு இரண்டு தடம். 512 எம்பி ஒரே ஸ்டிக்காகப் போட்டால் ஒரு தடம்தான் வேலை செய்யும். 256 எம்பி இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு தடமும் திறக்கும். டிடிஆர் 400 ரேமில் 3.2 ஜிபி, 6.4 ஜிபி ஆகிவிடும். மொத்த ரேம் அளவு அதேதான்! பக்கத்து சீட் மிஷினில் மட்டும் கேம் நன்றாக ஓடுவதற்கு 'அது ராசியான சிஸ்டம்' என்று பசங்கள் சொல்லும் காரணத்துக்குப் பின்னால் பல சமயம் இப்படி ஏதாவது இருக்கும்.

சில கேம்கள் திறக்கவே மறுக்கும். இந்த சிப்பில் பிக்சல் ஷேடரும் கிடையாது. அதற்கு '3டி அனலைஸ்' என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் சிடியில் சுற்றி வந்தது. 'இந்த வசதி இருக்கிறது' என்று கேமிடம் பொய் சொல்லி, வெர்டெக்ஸ் வேலையைச் சிபியுவிடம் தள்ளிவிடும். கேம் திறக்கும். நொடிக்கு 8, 10 ஃப்ரேமில் ஓடும். சில நேரம் ரோடு கறுப்பாக இருக்கும், சில நேரம் ஆளே தெரியமாட்டான். ஆனாலும் திறந்ததே வெற்றி.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் கதை வேறு. க்வேக்கின் என்ஜினிலிருந்து வளர்ந்த கேம் அது, அதனால் பாரம் குறைவு. வீடியோ மெனுவில் சாஃப்ட்வேர், ஓப்பன்ஜிஎல், டைரக்ட்3டி என்று மூன்று வழி இருந்தது. சாஃப்ட்வேர் வழி என்றால் சிபியுவே எல்லாம் வரையும், பழைய டூம் மாதிரி. இதில் எஃப்பிஎஸ் விழும் இடம் எல்லோருக்கும் தெரியும்: ஸ்மோக் கிரெனேட் போட்ட இடம். புகை என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடிக் காகிதம் மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் அதே பிக்சலைத் திரும்பப் படித்து, கலந்து, எழுதணும். மெமரிதான் கழுத்து என்றால் புகைக்குள் போனதும் மூச்சு நிற்கும். இதைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே புகை போட்டு எதிராளியின் சிஸ்டத்தைத் தூங்கவைத்த ஆட்கள் இருந்தார்கள். அதையும் ஒரு திறமை என்றுதான் சொல்லணும்.

விலையில்லா லேப்டாப்: கரண்டும் சூடும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு. கொள்முதல் செய்தது எல்காட். முதல் ஆண்டு இலக்கே 9 லட்சத்துக்கு மேல். டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் பல வீடுகளில் உள்ளே வந்த முதல் கம்ப்யூட்டர் இதுதான். கூட்டமாகக் காத்திருந்து மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிய இடத்திலிருந்து, சொந்த மிஷினை மடியில் வைத்துக்கொண்டு விளையாடும் இடத்துக்கு ஒரே வருஷத்தில் வந்துவிட்டார்கள்.

விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இருந்தன. முதல் கட்ட மிஷின்களில் ரேம் 2 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஆனால் 2011இன் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் வேறு தலைமுறை. வெர்டெக்ஸ் வேலை, ஷேடர் எல்லாம் சிப்பே செய்யும். வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட்டும் 3டி அனலைஸ் இல்லாமலேயே திறந்தன. பென் டிரைவில் வகுப்பு முழுக்கப் பரவின.

இங்கே பழைய வித்தை பாதிதான் பலித்தது. 16 பிட் நிறம் வைத்துப் பெரிய லாபம் இல்லை. ரெசல்யூஷன் இன்னும் வேலை செய்தது. அந்தக் காலத்து 14 அங்குல லேப்டாப்பின் வழக்கமான 1366×768 திரையில் சுமார் 10.5 லட்சம் பிக்சல். 800×600 வைத்தால் 4.8 லட்சம், பாதிக்கும் கீழே. ஆனால் எல்சிடி திரையில் அதன் சொந்த ரெசல்யூஷனைத் தவிர எது வைத்தாலும் கலங்கலாகத்தான் தெரியும். பழைய டப்பா மானிட்டரில் இந்தப் பிரச்சினை அவ்வளவாகத் தெரியாது. அதனால் முதல் முறையாக "எது குறைச்சாலும் கண்ணு வலிக்குது" என்ற புகார் வந்தது.

இந்தக் காலத்தின் உண்மையான கழுத்து மின்சாரம். சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த வருஷங்கள் அவை. லேப்டாப் பேட்டரியில் ஓடினால் விண்டோஸின் பவர் பிளானும் கிராஃபிக்ஸ் டிரைவரும் சேர்ந்து சிப்பின் வேகத்தை இறக்கிவிடும். அதே கேம், அதே செட்டிங்ஸ். சார்ஜரில் 30 ஃப்ரேம் வந்தது, கரண்ட் போனதும் 17, 18 என்று விழும். கேம் மெனுவுக்குள் எவ்வளவு தேடினாலும் இதற்கு மருந்து கிடைக்காது. பவர் ஆப்ஷன்ஸில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று ஒரு வட்டம் இருக்கிறது, அதைத் தொட்டால் சரியாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் கிராஃபிக்ஸ் தரத்தை முடிவு செய்ய வேண்டிய நிலை!

கூடவே சூடு. மெத்தை மேலோ மடியிலோ வைத்து விளையாடினால் காற்றுத் துளை அடைபடும், சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். எங்கள் ஊர் வெயில் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை அட்டையை அடியில் வைத்துத் தூக்கிக்கொடுத்ததுதான் பலருடைய முதல் கூலிங் பேட்.

பப்ஜி: சராசரி ஏமாற்றும்

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தது. அந்த வருஷ டிசம்பரில் வேலூர் விஐடி ஆண்கள் விடுதியில் பப்ஜிக்குத் தடை என்று ஒரு சுற்றறிக்கை பற்றிய செய்தி நாடு முழுக்க ஓடியது. இப்போது மிஷின் எல்லோர் பாக்கெட்டிலும் இருந்தது.

பப்ஜியின் மெனுதான் இந்த வரலாற்றிலேயே சுவாரஸ்யமான மெனு. தரமும் வேகமும் நேருக்கு நேர் வைக்கப்பட்டிருந்தன. மேலே கிராஃபிக்ஸ்: ஸ்மூத், பேலன்ஸ்டு, எச்டி, எச்டிஆர், அல்ட்ரா எச்டி. கீழே ஃப்ரேம் ரேட்: லோ என்றால் 20, மீடியம் 25, ஹை 30, அல்ட்ரா 40, எக்ஸ்ட்ரீம் 60. மேலே ஏற ஏறக் கீழே சில கட்டங்கள் மங்கிவிடும். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பையன்கூட 'ஸ்மூத் எக்ஸ்ட்ரீம்' என்று ஒரே மூச்சில் சொல்வான். அதாவது, படம் எப்படியாவது போகட்டும், 60 வேணும். 2018 ஆகஸ்டில் போக்கோ எஃப்1 வந்தபோது 20,999 ரூபாய்க்கு ஸ்னாப்டிராகன் 845 சிப் கிடைத்தது. பதினைந்து வருஷம் முன்னால் நம்மைப் படுத்திய இன்டெல் போர்டுக்கும் அதே 845. எண்ணில் மட்டும்தான் ஒற்றுமை.

சரி, ஸ்மூத் எக்ஸ்ட்ரீம் வைத்தவன் கடைசி வட்டத்தில் ஏன் திக்கினான்? போனில் ஃபேன் இல்லை. சிப் முழு வேகத்தில் ஓடினால் சூடு உள்ளேயே தேங்கும். முதல் பத்து நிமிஷம் 60 அருமையாக வரும். அப்புறம் சிப் வேகத்தை இறக்கும். பப்ஜி ஒரு ஆட்டம் முழுசாக அரை மணி நேரம் வரை போகும். அதாவது, உயிர் போகும் கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் போன் மிகச் சூடாக, மிக மெதுவாக இருக்கும். போன கோடையில் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் விளையாடியவனுக்கும் ஏசி அறையில் விளையாடியவனுக்கும் ஒரே போன் இருந்தாலும் ஒரே எஃப்பிஎஸ் வந்திருக்காது.

இங்கேதான் சராசரி எஃப்பிஎஸ் என்ற எண் ஏமாற்றுகிறது. ஒரு நொடியில் 48 ஃப்ரேம் சீராக 16.7 மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்து, நடுவில் ஒரு தடவை 200 மில்லிசெகண்ட் நின்றுவிட்டது என்று வையுங்கள். கவுன்ட்டர் '49' என்று காட்டும். நல்ல எண்தான். ஆனால் அந்த 200 மில்லிசெகண்டில் சுட்டுவிட்டார்கள். ஷூ லைனில் நாள் முழுக்கச் சராசரி டார்கெட் வந்துவிட்டது, ஆனால் கன்டெய்னர் கிளம்பும் நேரத்தில் பெட்டி ரெடியாக இல்லை என்கிற மாதிரி.

அதனால் சூடாகும் போனில் வேகத்துக்கு நாமே ஒரு வரம்பு வைப்பது நல்லது. 60ஐ விட்டு 30 வைத்தால் சிப்புக்குப் பாதி வேலை, சூடு குறையும், கடைசி வரை அதே 30 நிற்கும். நடுவில் இருக்கும் 40ஐ எடுத்தால் இன்னொரு சிக்கல் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 சரியாக வகுபடாது. ஒரு ஃப்ரேம் ஒரு தட்டு நிற்கும், அடுத்தது இரண்டு தட்டு நிற்கும். கண்ணுக்குச் சின்ன நடுக்கமாகத் தெரியும். வைஸ் சிட்டியிலேயே 30க்கு 'ஃப்ரேம் லிமிட்டர்' இருந்தது ஞாபகம் வரலாம். அதை அணைத்தால் வேகம் கூடும், ஆனால் கேமின் சில கணக்குகள் ஃப்ரேமோடு கட்டப்பட்டிருந்ததால் சில இடங்களில் அதன் நடத்தையே மாறும்.

90 யாருக்கு?

2020 ஆகஸ்டில் பப்ஜி மொபைலில் 90 ஃப்ரேம் வசதி வந்தது. ஒரு மாதத்துக்கு, செப்டம்பர் முதல் வாரம் வரை, ஒன்பிளஸ் போன்களுக்கு மட்டும். மற்ற கம்பெனிகளின் போனில் 90 ஹெர்ட்ஸ் திரையும் நல்ல சிப்பும் இருந்தாலும் அந்தக் கட்டம் திறக்காது. அந்த ஒரு மாதம் முடிவதற்குள் செப்டம்பர் 2இல் இந்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது, பப்ஜியும் அதில் போனது. பிறகு 2021 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் கொண்டுவந்ததும், 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியதும் தெரிந்த கதை.

இந்த இடத்தில் வரலாறு திசை மாறுகிறது. பிரௌசிங் சென்டர் பையனுக்கு மிஷினால் முடியாததுதான் தடை. மெனுவில் எல்லாக் கட்டமும் திறந்தே இருந்தது. 1024×768×32 வைத்துப் பார்த்து, ஓடாமல் போய், அவனே இறங்கி வந்தான். போனில் கேம் கம்பெனி வைத்திருக்கும் மாடல் பட்டியல்தான் கட்டத்தைத் திறக்கிறது. உங்கள் மாடல் பட்டியலில் இல்லை என்றால் முயற்சி செய்து தோற்கக்கூட வழியில்லை. அதனால்தான் 'ஜிஎஃப்எக்ஸ் டூல்' மாதிரி செயலிகள் பரவின. கேமின் கான்ஃபிக் ஃபைலை மாற்றி, வேறு போன் என்று நம்பவைப்பவை. 3டி அனலைஸ் சொன்ன அதே பொய்! ஆனால் 3டி அனலைஸ் பயன்படுத்தியவனை யாரும் வெளியேற்றவில்லை. இங்கே விதிமீறல் என்று கணக்கையே முடக்கும் ஆபத்து உண்டு. எல்லோரும் ஒரே சர்வரில் மோதும் கேமில் ஏமாற்றுவேலையைத் தடுக்க நியாயமான காரணம் இருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் விளம்பர ஒப்பந்தத்துக்காக ஒரு மாதம் பூட்டி வைத்ததற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். 60இலிருந்து 90க்குப் போனால் ஒரு ஃப்ரேமின் நேரம் 16.7இலிருந்து 11.1 மில்லிசெகண்டாகிறது. லாபம் 5.6. நொடிக்கு 20 ஃப்ரேமில் திணறும் மலிவு போனை 30க்குக் கொண்டுவந்தால் 50இலிருந்து 33.3 ஆகிறது. லாபம் 16.7 மில்லிசெகண்ட், மூன்று மடங்கு. விளம்பரமெல்லாம் 90க்கும் 120க்கும்தான் நடக்கிறது. ஆனால் விளையாடுபவன் கை உணரும் பெரிய முன்னேற்றம் கீழ்ப்படியில்தான் இருக்கிறது. மலிவு மிஷினுக்காக செட்டிங்ஸைச் செதுக்கித் தரும் கேம் கம்பெனிதான் அதிகம் பேருக்கு நல்லது செய்கிறது என்று நான் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

இப்போது என்ன செய்யலாம்?

இன்றைக்கு டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்று வந்திருப்பவை டூமின் 'லோ டீட்டெய்ல்' வித்தைக்குக் கொள்ளுப்பேரன்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து, மீதியை ஊகித்து நிரப்புகின்றன. ஊகம் இப்போது ரொம்ப நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். 2021இல் வந்த எஃப்எஸ்ஆர் பழைய கார்டுகளிலும் ஓடுவதால் நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி. நடுவில் புது ஃப்ரேமையே உருவாக்கிச் செருகும் 'ஃப்ரேம் ஜெனரேஷன்' மட்டும் எச்சரிக்கையாகப் பார்க்க வேண்டியது. எண் கூடும், பட்டனைத் தட்டினால் கேம் பதில் சொல்லும் வேகம் கூடாது.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. மறுபடியும் 'எல்லாத்தையும் லோல வை' கேட்கத்தான் போகிறது. அதற்குப் பதிலாக இந்த மூன்று சோதனையைச் சொல்லிக்கொடுங்கள்.

ஒன்று. ரெசல்யூஷனை மட்டும் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கழுத்து பிக்சல் பக்கமோ மெமரியிலோ இருக்கிறது. நிழலையும் புகை மாதிரி எஃபெக்ட்டையும் குறையுங்கள். ஒரே ரேம் ஸ்டிக் இருந்து, மிஷின் இரண்டு தடத்தை ஆதரித்தால் இன்னொன்று போடுங்கள்.

இரண்டு. ரெசல்யூஷனைக் குறைத்தும் எண் அசையவில்லையா? சிபியுதான் மெதுவான மேசை. டிரா டிஸ்டன்ஸ், கூட்டம், வண்டி எண்ணிக்கை இவற்றைக் குறையுங்கள். ரெசல்யூஷனையும் டெக்ஸ்சரையும் பழையபடி ஏற்றிவிடுங்கள், சும்மா அசிங்கமாக வைத்திருக்க வேண்டாம்.

மூன்று. முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி அப்புறம் விழுகிறதா? சூடு. இல்லை சார்ஜரைப் பிடுங்கியதும் விழுகிறதா? பவர் பிளான். சூட்டுக்குக் கேம் மெனுவில் ஒரு மருந்து உண்டு: ஃப்ரேம் ரேட்டுக்கு வரம்பு. பவர் பிளானுக்கு மருந்து பவர் ஆப்ஷன்ஸில்தான்.

இந்த விஷயங்களை எங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை. பிரௌசிங் சென்டர் அண்ணன்கள் வாய்வழியாகச் சொன்னார்கள், அதில் பாதி சரி, பாதி ராசி. அந்தக் கடைகளும் ஒவ்வொன்றாக செல்போன் சர்வீஸ், ஆதார் சேவை என்று மாறிப் போய்விட்டன. குடியாத்தம், வாலாஜா, திருப்பத்தூர் பக்கத்தில் அந்தக் காலத்தில் கடை நடத்தியவர்கள் அல்லது அங்கே விளையாடியவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த போர்டு, எவ்வளவு ரேம், எந்த கேமுக்கு என்ன வைத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் ஊர்வாரியாக ஒரு பட்டியல் போடலாம் என்று இருக்கிறேன்.